சிறு இயந்திரங்களுக்கு டைமிங் புல்லி: பல்லைப் பார்த்து வாங்குவதா, துளையைப் பார்த்து வாங்குவதா?

தன் பற்களால் புல்லியின் பற்குழிகளைப் பற்றி வழுக்காமல் ஓடுவது டைமிங் பெல்ட். காவிரிப் படுகையில் அது ஓடும் சிறு இயந்திரங்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் புல்லியைத் தேர்வது எளிதாகிறது. முதலாவது, மேசைமேல் வைத்து இயக்கும் முப்பரிமாண அச்சு இயந்திரம், மெல்லிய பலகையையும் அக்ரிலிக்கையும் வெட்டும் சிறு லேசர் போன்ற பொழுதுபோக்குக் கருவிகள். இரண்டாவது, தஞ்சாவூர் ஓவியங்களுக்குச் சட்டம் செதுக்கவும் கதவுப் பலகையில் பூவேலை எடுக்கவும் பயன்படும் மர ரவுட்டர். மூன்றாவது, பாய் நாற்றங்காலுக்கான தட்டுகளில் விதை தூவும் கன்வேயர், அரிசி ஆலையில் பொட்டலமிடும் இயந்திரம் போன்று தூசியிலும் ஈரத்திலும் நாள் முழுவதும் ஓடுபவை. இம்மூன்றுக்கும் ஒரே புல்லி பொருந்தாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாங்கச் செல்பவர்கள் பெரும்பாலும் பல்லின் வடிவத்தைப் பற்றி மட்டுமே விசாரிக்கிறார்கள். பல்லைத் தீர்மானிப்பது கடினமன்று. சற்று நேரக் கணக்கில் அது முடிந்துவிடும். புல்லி நடுத்துளையின் துல்லியமும், அது ஷாஃப்ட்டை, அதாவது சுழலும் தண்டை, பற்றிக்கொள்ளும் முறையுமே இயந்திரம் ஒழுங்காக ஓடுமா என்பதைப் பெரிதும் முடிவு செய்கின்றன என்பது என் கணிப்பு.

முதலில் பல்லைப் பார்ப்போம். பல் வடிவங்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. பழையது சரிவகப் பல் கொண்டது. அங்குலக் கணக்கில் வரும் எம்எக்ஸ்எல், எக்ஸ்எல், எல், எச் ஆகியனவும், மில்லிமீட்டர் கணக்கில் வரும் டி2.5, டி5, டி10 ஆகியனவும், பல்லைத் தடிப்பாக்கி வலுக்கூட்டிய ஏடி5, ஏடி10 ஆகியனவும் அதில் அடங்கும். பிந்தையது வளைபல் கொண்டது. எச்டிடி எனப்படும் 3எம், 5எம், 8எம் வரிசையும், அதைத் திருத்தி உருவாக்கிய ஜிடி வரிசையும் அதில் சேரும். சரிவகப் பல்லில் சுமை பல்லின் அடிப்பகுதியில் குவிகிறது. வளைபல்லில் அது பல்லின் பரப்பெங்கும் பரவுகிறது. அதனால் ஒரே அகலமுள்ள பெல்ட்டில் 5எம், எக்ஸ்எல்லைவிடத் தெளிவாகக் கூடுதலான இழுவிசையைத் தாங்குகிறது, பல் தாவும் அபாயமும் குறைகிறது. எச்டிடி வரிசை சுமையைக் கடத்துவதற்கென உருவானது என்பதால் அதன் பல்லுக்கும் புல்லியின் குழிக்கும் இடையே சிறிது இடைவெளி விடப்பட்டிருக்கும். ஒரே திசையில் சுழலும் இயந்திரத்தில் இதனால் பாதகமில்லை; முன்னும் பின்னும் திரும்பித் திரும்பி ஓடும் இயந்திரத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த இடைவெளி பிழையாக வெளிப்படும். அந்தப் பிழையைக் குறைப்பதே ஜிடி வடிவத்தின் நோக்கம்.

பழைய இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர் மட்டும் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். எம்எக்ஸ்எல் பல்லின் பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரு பற்களின் மையங்களுக்கு இடையிலான தூரம், 2.032 மி.மீ., ஜிடி2 பல்லின் பிட்ச் 2 மி.மீ. எக்ஸ்எல் 5.08 மி.மீ., டி5 சரியாக 5 மி.மீ. கண்ணுக்கு இவை ஒன்றுபோலவே தோன்றும். கையால் மாட்டிப் பார்த்தால் சில பற்கள் வரை பொருந்தவும் செய்யும். ஆனால் எக்ஸ்எல்லுக்கும் டி5-க்கும் இடையே ஒரு பல்லுக்கு 0.08 மி.மீ. வீதம் கூடிக்கொண்டே போகும் வேறுபாடு, பத்துப் பற்கள் பிடித்திருக்கும் இடத்தில் 0.8 மி.மீ. ஆகிவிடுவதால், பெல்ட் புல்லியின் மேல் ஏறி நிற்கும், பற்கள் விரைவில் தேயும். பிட்ச் ஒன்றாக இருந்தாலும் போதாது: டி5, 5எம் இரண்டும் 5 மி.மீ. பிட்ச் உடையவை என்றாலும் ஒன்று சரிவகம், மற்றது வளைவு என்பதால் ஒன்றின் பெல்ட் மற்றதன் புல்லியில் ஓடாது. பழைய பெல்ட்டை நேராக நீட்டிவைத்துப் பத்துப் பிட்சுகளின் நீளத்தை வெர்னியரால் அளந்தால் 50.0 மி.மீ. வருகிறதா, 50.8 மி.மீ. வருகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் பல்லுக்கு ஐம்பது பிட்சுகளை அளக்க வேண்டும்; 100 மி.மீ. வந்தால் ஜிடி2, 101.6 மி.மீ. வந்தால் எம்எக்ஸ்எல். ஐரோப்பிய வழிவந்த பொட்டல இயந்திரங்களில் டி5, டி10 அதிகம். அமெரிக்க, பிரிட்டிஷ் வடிவமைப்பைப் பின்பற்றியவற்றில் எக்ஸ்எல்லும் எல்லும் அதிகம். பழுது பார்ப்பதற்கு இருப்பதையே வாங்கிப் போட வேண்டும். புதிதாக இயந்திரம் கட்டுபவர் எக்ஸ்எல்லையோ டி5-ஐயோ தேர்ந்தெடுப்பதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ஆக, புதிய இயந்திரத்துக்கு ஜிடி2, 3எம், 5எம் என்ற மூன்றே எஞ்சுகின்றன. பொழுதுபோக்குக் கருவிக்கு ஜிடி2 என்பதில் விவாதமில்லை. 20 பற்கள் கொண்ட ஜிடி2 புல்லி ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகர்த்துகிறது, ஒரு சுற்றை 200 அடிகளாக (ஸ்டெப்) எடுத்துவைக்கும் ஸ்டெப்பர் மோட்டாரில் ஒவ்வோர் அடியையும் 16 நுண்ணடிகளாகப் பிரித்து ஓட்டினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சரியாக 80 நுண்ணடிகள் வருகின்றன. 16 பல் புல்லியில் அது 100 நுண்ணடிகள். எண்ணிக்கை கூடுவதால் நுட்பம் கூடும் என்று 16 பல்லை விரும்புவோர் உண்டு. ஆனால் சிறிய புல்லியில் பெல்ட் கூர்மையாக மடிகிறது, பிடிக்கும் பற்களும் குறைகின்றன. நுண்ணடிகளின் உண்மையான துல்லியமோ கணக்கில் தெரியும் அளவுக்கு இருப்பதில்லை. 20 பல்லே நடுநிலையான தேர்வு.

மர ரவுட்டருக்கு வரும்போதுதான் தேர்வில் பலரும் வழி தவறுகிறார்கள். கையில் ஏற்கெனவே ஜிடி2 இருக்கிறது, அதையே பெரிய மோட்டாரிலும் மாட்டிவிடலாம் என்ற எண்ணம் வருகிறது. 1.9 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொண்ட மோட்டாரில் 20 பல் ஜிடி2 புல்லியைப் போட்டால், புல்லியின் ஆரம் 6.4 மி.மீ. மட்டுமே என்பதால், பெல்ட்டின் மேல் விழும் இழுவிசை ஏறத்தாழ 300 நியூட்டன். 6 மி.மீ. அகல ஜிடி2 பெல்ட் அந்தச் சுமைக்கு உருவானதன்று. அது உடனே அறுந்துவிடாது, நீண்டு கொடுக்கும். தேக்கில் கட்டர் ஆழமாக இறங்கும்போது கோடு ஒரு பக்கம் ஒதுங்கிப் போவதற்கும், வட்டம் நீள்வட்டமாவதற்கும் பல சமயம் இதுவே காரணம்.

அதே மோட்டாரில் 20 பல் 5எம் புல்லியை நேரடியாகப் போட்டால் இழுவிசை 120 நியூட்டனுக்குக் குறைகிறது, பெல்ட்டின் உறுதியோ பல மடங்கு கூடுகிறது. ஆனால் இப்போது ஒரு சுற்றுக்கு 100 மி.மீ. நகர்கிறது, ஓர் அடியை 8 நுண்ணடிகளாகப் பிரித்தால் ஒரு நுண்ணடிக்கு 0.0625 மி.மீ. என்பது பூவேலைக்குக் கரடுமுரடானது, 120 நியூட்டனும் தேக்குக்குப் போதாது. இரண்டையும் ஒரே ஏற்பாட்டில் தீர்க்கலாம். மோட்டாரில் 20 பல், இடைஷாஃப்ட்டில் 60 பல் என்று மூன்றுக்கு ஒன்றாக வேகத்தைக் குறைத்து, அந்த இடைஷாஃப்ட்டிலிருந்து இன்னொரு 20 பல் 5எம் புல்லியால் ரவுட்டரின் பாலத்தை, அதாவது கட்டரைத் தாங்கி நகரும் குறுக்குச் சட்டத்தை, இழுக்க வேண்டும். அப்போது மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 33.3 மி.மீ., ஒரு மில்லிமீட்டருக்கு 48 நுண்ணடிகள், இழுவிசை கணக்குப்படி 350 நியூட்டனுக்கு மேல். மோட்டார் வேகமாகச் சுழலும்போது முறுக்குவிசை குறையும் என்பதால் வேலையின்போது இதில் ஒரு பகுதியே கிடைக்கும். அதுவே மரத்துக்குப் போதுமானது. குறைப்புப் பெல்ட்டுக்கு 15 மி.மீ. அகலமும், பாலத்தை இழுக்கும் பெல்ட்டுக்கு 25 மி.மீ. அகலமும் வைத்துக்கொள்வது நல்லது. இடையிலுள்ள 3எம், சிறிய பாலம் கொண்ட, மென்மரம் மட்டும் வெட்டும் இயந்திரத்துக்குப் பொருந்தும். அதற்கு மேல் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குறைப்பு விகிதத்தைத் தீர்மானிக்கும்போது சிறிய புல்லியில் எத்தனை பற்கள் பிடித்திருக்கின்றன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஆறு பற்களோ அதற்கு மேலோ பிடித்திருந்தால் பெல்ட்டின் முழுத் திறனும் கிடைக்கும். ஆறுக்குக் குறையும் ஒவ்வொரு பல்லுக்கும் திறனில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது தொழிலில் வழங்கும் விதி. 20 பல், 60 பல் 5எம் புல்லிகள் 80 மி.மீ. மைய தூரத்தில் இருந்தால் சிறிய புல்லியில் ஏழு பற்கள் பிடிக்கின்றன. ஐந்துக்கு ஒன்று குறைக்கலாமே என்று 12 பல் புல்லியைப் போட்டால் அதே தூரத்தில் நான்கே பற்கள் பிடிக்கும், திறனில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். மேலும் 5எம் பெல்ட் அவ்வளவு சிறிய வட்டத்தில் மடிவதற்கு உரியதன்று. முதலில் சொன்ன சோடிக்கு 375 மி.மீ. நீளமுள்ள மூடிய பெல்ட் பொருந்தும். மைய தூரம் 81 மி.மீ.-க்குச் சற்றே கூடுதலாக வரும் என்பதால், மோட்டார் தகட்டில் வட்டத் துளைகளுக்குப் பதிலாக நீள்துளைகள் போட்டு இழுவையைச் சரிசெய்ய இடம் விட வேண்டும்.

இனி துளை. புல்லியின் துளை பல் வட்டத்தின் மையத்திலிருந்து விலகியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட் ஒருமுறை சற்று முந்தும், ஒருமுறை சற்றுப் பிந்தும். நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்க்கும்போது மொத்த ஆட்டம் 0.1 மி.மீ. என்று காட்டினால், நகர்விலும் அதே 0.1 மி.மீ. அலை உண்டாகிறது. மென்பொருளில் அடி எண்ணிக்கையைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது, ஏனெனில் நீண்ட தூரத்துக்குக் கணக்கு சரியாகவே இருக்கும், நடுவில்தான் கோணலாகிறது. ஒரே அச்சில் செல்லும் நேர்கோட்டில் இது தெரியாது. இரண்டு அச்சுகளும் சேர்ந்து இயங்கும் சாய்கோட்டிலும், சட்டத்தின் ஓரத்தில் சம இடைவெளியில் வரவேண்டிய முத்துவரிசையிலும் தெரியும். அலையின் நீளத்தை அளந்தால் குற்றவாளி எந்தப் புல்லி என்பதும் புலப்படும்: 40 மி.மீ.-க்கு ஒருமுறை திரும்ப வந்தால் 20 பல் ஜிடி2, 100 மி.மீ.-க்கு ஒருமுறை வந்தால் 20 பல் 5எம்.

இந்த விலகல் பெரும்பாலும் தொழிற்சாலையில் வருவதில்லை, நம் பட்டறையில் வருகிறது. ரவுட்டருக்குப் பயன்படும் மோட்டார்களின் ஷாஃப்ட் சிலவற்றில் 6.35 மி.மீ., சிலவற்றில் 8 மி.மீ.; அச்சு இயந்திரத்தின் சிறிய மோட்டாரில் 5 மி.மீ. கடையில் இருக்கும் 6 மி.மீ. துளைப் புல்லி 6.35 மி.மீ. ஷாஃப்ட்டில் ஏறாது. உடனே அருகிலுள்ள லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கும் வழக்கம் உண்டு. லேத்காரர் புல்லியின் பற்களையே மூன்று தாடைச் சக்கில் பிடித்து, ட்ரில்லை இறக்கினால், அலுமினியப் பற்களில் தாடையின் தழும்பு விழுவதோடு துளையும் மையம் தவறும், ஏனெனில் ட்ரில் ஏற்கெனவே இருக்கும் துளையின் வழியே இழுத்துக்கொண்டு போகும். முறையாகச் செய்வதானால் பற்களை அடுத்து நீண்டிருக்கும் கழுத்துப் பகுதியைப் பிடித்து, பல்லின் தலைவட்டத்தில் டயல் கேஜ் வைத்து மையம் சரிபார்த்து, போரிங் கருவியால் கடைந்து, கடைசியில் ரீமரால் எச்7 அளவுக்கு முடிக்க வேண்டும். 8 மி.மீ. துளைக்கு எச்7 என்பது கூடுதல் பக்கம் 0.015 மி.மீ. வரையே இடம் கொடுக்கும் அளவு. கடைசல் வேலை நுட்பமாகத் தெரிந்தவர்களுக்கு இப்பகுதியில் பஞ்சமில்லை. பெல் (BHEL) நிறுவனத்தை ஒட்டி வளர்ந்த திருச்சித் துவாக்குடிப் பட்டறைகளில் இந்த வேலையை விளக்க வேண்டிய தேவைகூட இல்லை. ஆனால் என்ன வேண்டும் என்பதை வரைபடத்தில் எழுதிக் கொடுக்காமல் ‘துளையைக் கொஞ்சம் பெருசு பண்ணிக் கொடுங்க’ என்று சொன்னால் ட்ரில்தான் இறங்கும்.

சரியான துளையுடன் ஆயத்தமாக வரும் புல்லிக்கும், சிறு முன்துளையுடன் வாங்கி நாமே கடைந்துகொள்ளும் புல்லிக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், 5, 6.35, 8 மி.மீ. ஷாஃப்ட்டுகளுக்கு முன்னதையும், 12 மி.மீ.-க்கு மேற்பட்டவற்றுக்குப் பின்னதையும் நான் எடுத்துக்கொள்வேன். சிறு துளையை மையம் தவறாமல் கடைவது கடினம், அதில் மிச்சப்படும் பணமும் சொற்பம்.

அடுத்தது, ஷாஃப்ட்டில் புல்லி எப்படி நிற்கிறது என்பது. மிக மலிவானது கிரப் ஸ்க்ரூ, அதாவது கழுத்தின் பக்கவாட்டிலிருந்து ஷாஃப்ட்டை அழுத்தும் தலையில்லாத சிறு ஸ்க்ரூ. ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இரண்டு ஸ்க்ரூக்கள் இருந்து, ஷாஃப்ட்டில் தட்டையாகச் சீவிய பகுதி இருந்து, ஒரு ஸ்க்ரூ அந்தத் தட்டையின் மேல் உட்கார்ந்தால் பொழுதுபோக்குக் கருவிக்கு அதுவே போதும். பூட்டுப் பசை ஒரு துளி விட வேண்டும். உருண்டையான ஷாஃப்ட்டில் கிரப் ஸ்க்ரூவை மட்டும் நம்பினால் அது தழும்பை உண்டாக்கி, பிறகு அந்தத் தழும்பிலேயே முன்பின் ஆடும். ஷாஃப்ட்டிலும் துளையிலும் காடி வெட்டி, இரண்டையும் பூட்டும் கீ என்ற சிறு உலோகத் துண்டைப் போடுவது ஒரே திசையில் சுழலும் கன்வேயருக்கு மிக ஏற்றது. ஆனால் ரவுட்டர் நிமிடத்துக்குப் பலமுறை திசை மாறும் இயந்திரம் என்பதால், காடியில் சிறிது தளர்வு இருந்தாலும் கீ அடித்து அடித்துக் காடி அகலமாகிவிடும். அங்கே கழுத்தைப் பிளந்து போல்ட்டால் இறுக்கும் வகையே சிறந்தது. அது ஷாஃப்ட்டைச் சுற்றிலும் பற்றுகிறது, தழும்பு விடுவதில்லை, கழற்றி மாட்டினாலும் மையம் மாறுவதில்லை. விலை கூடுதல்தான். பெல்ட்டில் மிச்சம் பிடித்தாவது இதில் செலவிடலாம்.

பெரிய புல்லிகளுக்கு டேப்பர் லாக் புஷ், அதாவது ஷாஃப்ட்டுக்கும் புல்லிக்கும் இடையே இறுகும் கூம்பு வடிவப் பிளவு உருளை, ஒரு தனி வழி. 1008 எண்ணுள்ள புஷ் 25 மி.மீ. வரையிலான ஷாஃப்ட்டுக்கும், 1108 எண்ணுள்ளது 28 மி.மீ. வரையிலான ஷாஃப்ட்டுக்கும் கிடைக்கிறது. புல்லி தேய்ந்தால் புஷ்ஷை வைத்துக்கொண்டு புல்லியை மட்டும் மாற்றலாம். ஷாஃப்ட் அளவு மாறினால் புல்லியை வைத்துக்கொண்டு புஷ்ஷை மாற்றலாம். கழற்றும்போது சுத்தியல் தேவையில்லை, இறுக்கிய ஸ்க்ரூவைப் பிடுங்கி அடுத்த துளையில் போட்டு முறுக்கினால் புஷ் தானே வெளியே வரும். மேட்டூர் அணை திறக்கும் மரபான நாள் சூன் 12. அதை ஒட்டிக் குறுவை நாற்றுக்கு விதைத் தட்டுகள் தயாராகும் வாரங்களில் இயந்திரம் அரை நாள் நின்றாலும் வேலை தேங்கிவிடும். அந்த இடத்தில், புல்லியின் விலையைவிட அதை மாற்ற ஆகும் நேரமே பெரிய செலவு என்பதால் விதைத் தட்டு இயந்திரத்துக்கு டேப்பர் லாக்கையே சொல்வேன்.

அந்த மூன்றாம் வகை இயந்திரங்களைப் பற்றி வெளிப்படையாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது: அவற்றில் பல இடங்களுக்கு டைமிங் புல்லியே தேவையில்லை. மண்ணும் ஈரமும் விழும் கன்வேயரில் பற்குழிகள் சேற்றால் நிரம்பி, பெல்ட் மேலேறித் தாவும். அங்கே செயின் நீண்ட நாள் உழைக்கும். நெல் அடைத்துக்கொள்ளக்கூடிய இடத்தில் வி பெல்ட் வழுக்கி மோட்டாரைக் காப்பாற்றும். டைமிங் பெல்ட் வழுக்காது, பல்லை இழந்துவிடும். விதை தூவும் உருளையும் தட்டு நகரும் வேகமும் ஒன்றோடொன்று மாறாமல் இணைந்திருக்க வேண்டிய இடத்திலும், பொட்டல இயந்திரத்தில் உறை இழுக்கும் இடத்திலும் மட்டும் டைமிங் பெல்ட்டைப் போட்டு, அதற்குத் தகட்டு மூடி அமைத்தால் போதுமானது. பல்லுக்கு அங்கே 5எம் அல்லது 8எம்.

பொருளைத் தேர்வதிலும் இடம் பார்க்க வேண்டும். அலுமினியம் இலேசானது, துருப்பிடிக்காது, கடைய எளிது. திசை மாறி மாறி ஓடும் இயந்திரத்தில் எடை குறைவு என்பதே அதன் பெரிய சிறப்பு. ஆனால் உமித்தூசி அதற்குப் பகை. உமியை எரித்து வரும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவே. அந்தச் சிலிக்கா உமித்தூசியிலும் இருப்பதால் அது உப்புத்தாள் போல அலுமினியப் பற்களைத் தேய்த்துவிடுகிறது. ஆகவே அரிசி ஆலைக்கு எஃகுப் புல்லி அல்லது வார்ப்பிரும்புப் புல்லி வேண்டும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் உப்புக்காற்றில் இதே எஃகு, பூச்சு இல்லாவிட்டால் துருவேறி, அந்தத் துருவே பெல்ட்டை அரம்போல் அறுக்கும். கறுப்புப் பூச்சு அங்கே போதாது, துத்தநாகமோ நிக்கலோ பூசியது தேவை. கடலோரத்தில் அலுமினியப் புல்லியை எஃகு ஷாஃப்ட்டில் மாட்டும்போது துளையில் மெல்லியதாக கிரீஸ் தடவ வேண்டும், இல்லையெனில் ஈரத்தில் இரண்டு உலோகங்களும் அரித்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிளவுக் கழுத்துப் புல்லியும் டேப்பர் லாக்கும் உராய்வால் பற்றுபவை. அவற்றின் பிடிமானப் பரப்பில் மட்டும் கிரீஸ் படக்கூடாது.

அச்சு இயந்திரத்தில் நாமே அச்சடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் புல்லியைப் பற்றியும் கேட்கிறார்கள். அச்சடிக்கப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசில் இளகும்; சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் ஓடும் ஸ்டெப்பர் மோட்டாரின் ஷாஃப்ட் அந்தச் சூட்டை எளிதில் எட்டும். பெல்ட்டைத் திருப்பிவிட மட்டும் உதவும் பல் இல்லாத ஐட்லருக்கும், அளவு சரியா என்று மாட்டிப் பார்ப்பதற்கும் அது உதவும். ஓட்டத்துக்கு வேண்டாம்.

ஃபிளேஞ்ச், அதாவது பெல்ட் நழுவாமல் காக்கும் ஓரத்தகடு, இரண்டு புல்லிகளுள் சிறியதன் இருபுறமும் இருந்தால் பொதுவாகப் போதும். மைய தூரம் சிறிய புல்லியின் விட்டத்தைப்போல் எட்டு மடங்குக்கு மேல் போனாலோ ஷாஃப்ட் செங்குத்தாக நின்றாலோ இரண்டிலும் வேண்டும். பெல்ட் எப்போதும் ஒரே ஃபிளேஞ்சில் உரசிக்கொண்டிருந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை என்று பொருள். பெரிய ஃபிளேஞ்ச் வாங்குவது அதற்கு மருந்தாகாது.

ஆர்டர் கொடுக்கும்போது பல் வகை, பல் எண்ணிக்கை, பெல்ட் அகலம், துளையும் அதன் அளவுத் துல்லியமும், பிடிக்கும் முறை, ஃபிளேஞ்ச், பொருள், ஆட்ட அளவு ஆகிய எட்டும் ஒரே வரியில் இருக்க வேண்டும். மேலே சொன்ன ரவுட்டரின் மோட்டார்ப் புல்லிக்கு அந்த வரி இவ்வாறு அமையும்: 5எம், 20 பல், 15 மி.மீ. பெல்ட்டுக்கு, துளை 8 மி.மீ. எச்7, போல்ட்டால் இறுக்கும் பிளவுக் கழுத்து, இருபுறமும் ஃபிளேஞ்ச், அனடைஸ் செய்த அலுமினியம், தலைவட்டத்தில் ஆட்டம் 0.05 மி.மீ.-க்கு மிகாமல். கடைசியில் உள்ள ஆட்ட அளவைப் பார்த்து விற்பவர் தயங்கினால், டயல் கேஜில் வைத்துக் காட்டும் வேறொருவரிடம் வாங்கலாம்.